அமாவாசை விரதமும் ஆகாச ரோஜாவும்

என் வீட்டுக்காரருக்குப் பக்தி வந்துவிட்டது. அன்றோடு எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பக்தி நல்லதுதானே என்பீர்கள். யாருக்கு வருகிறது என்று பார்க்க வேண்டாமா? பெயர்தான் தணிகைவேல். தணிகை மலைக்குப் போனது, நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன இரண்டு தடவைதான். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. வீட்டில் இருந்தால் டெலஸ்கோப். இதுதான் அவர் உலகம். அப்படிப்பட்டவர் மார்கழியில் ஒரு நாள் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"செண்பகம், இனிமே மாசாமாசம் அமாவாசைக்கு விரதம்."

"யாரு?"

"நான்தான்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

"டாக்டர் எதுனா சொன்னாரா? மில்லுல எதுனா ஆயிடுச்சா? என்கிட்ட எதையோ மறைக்கிறீங்க."

"ஒண்ணும் இல்லம்மா. எங்கப்பாவ நெனச்சிக்கினு ராத்திரி பூரா கோயில்ல ஒக்காரப் போறேன். திருப்பாச்சூர் சிவன் கோயில்ல."

"ஆரம்பாக்கத்துலேர்ந்து திருப்பாச்சூருக்கா? வண்டியில ரெண்டு மணி நேரம் ஆவுமே! நம்ம ஊர்ல சாமி இல்லியா?"

"அங்கதான் மனசு அடங்குது."

அந்த அமாவாசைக்குப் பெரிய பை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு கிளம்பினார். என்ன என்று கேட்டேன். அபிஷேகச் சாமானாம். தொடக்கூடாதாம்.

விடியற்காலையில் வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். பேன்ட் முழுக்க நாயுருவி ஒட்டியிருந்தது. கையில் விபூதிப் பொட்டலம்.

இந்த வயசில் வேறு யாராவது இருப்பாளோ? ஒரு பகல் முழுக்க அழுதேன். சாயங்காலம் பூசிக்கொள்ளலாம் என்று பொட்டலத்தைப் பிரித்தேன். அழுகை நின்றுவிட்டது. விபூதிக்குள் இரண்டு கிராம்பு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் வாங்கி, எறும்பு வராமல் இருக்க நான் கிராம்பு போட்டு வைத்த விபூதி அது. எங்கள் வீட்டுச் சாமி அலமாரியிலிருந்து எடுத்து எனக்கே பிரசாதம் கொடுத்திருக்கிறார்.

பரண் மேல் ஏறிப் பார்த்தேன். டெலஸ்கோப்புப் பெட்டியில் புது நாயுருவி.

விஷயம் இதுதான். ஆகாயத்தில் ரோஜாப் பூ மாதிரி ஒரு நெபுலா இருக்கிறதாம். நெபுலா என்றால் புகை மாதிரி ஒன்று. வெறும் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கணக்காகப் படம் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் தெரியும். நிலா இருக்கக் கூடாது. விளக்கு இருக்கக் கூடாது. எங்கள் மாடியில் எடுத்தால் தெருவிளக்கிலும், வீட்டுக்கு வீடு போட்டிருக்கும் போக்கஸ் லைட்டிலும் படம் நீர்மோராக வெளுத்துப்போகிறது. அதனால் ஊருக்கு வெளியே எங்கள் நெல் வயலுக்குப் போய், பம்புசெட்டுப் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டிருந்தார். போன அறுப்பில் அதே இடத்தில் கண்ணாடி விரியன் வந்தது. இனிமேல் ராத்திரியில் வயலுக்குப் போகக் கூடாது என்று அழுது, சாப்பிடாமல் கிடந்து, சத்தியம் வாங்கினேன். பாம்புக்குப் பயந்து நான் சத்தியம் வாங்க, எனக்குப் பயந்து அவர் சிவனைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன ஆகும்? அந்தப் பொய்யை விட்டுவிட்டு வேறு நல்ல பொய்யாகக் கண்டுபிடிப்பார். பொய் சொல்கிறவரோடு சண்டை போடக்கூடாது. நம்ப வேண்டும். முழுசாக நம்ப வேண்டும்.

நம்பினேன். தை அமாவாசைக்கு மப்ளரும் கட்டி அனுப்பினேன். அவர் போன பிறகு விடிய விடிய வாசலில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பக்கத்து வீட்டு பீவி ஜான் ஓடி வந்தாள். அவள் வீட்டுக்காரருக்குப் பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம். ஊர்ச் சேதி எல்லாம் கருவாட்டுக்கு முன்னால் அவளுக்கு வந்துவிடும்.

"யக்கா, ஒங்க நெலத்துல கொள்ளிவாய்ப் பிசாசு நடமாடுதாம்!"

"இன்னாடி சொல்ற?"

"எதிர் ஊட்டு கோபால் அண்ணன் கண்ணால பாத்துட்டு ஜொரத்துல படுத்துக்கினு கீறாரு. செவப்பா ஒரு வெளிச்சமாம். குனியுதாம், நிமிருதாம், நடுநடுவுல தும்முதாம்."

"பிசாசு தும்முமா?"

"அதான் எனக்கும் டவுட்டு."

எனக்கு டவுட்டே இல்லை. பனி பட்டால் ஏழு தும்மல் போடும் பிசாசு எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. தீபாவளி ஸ்வீட் பெட்டியில் வந்த சிவப்புக் காகிதத்தை டார்ச் லைட்டில் சுற்றியதும் அதுதான். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண்ணுக்கு இருட்டுப் பழகாதாம்.

"அத்தோட போச்சா? சிவராத்திரி அன்னிக்கு ஆறு பேரு தடி எடுத்துக்கினு போறாங்களாம் யக்கா. பிசாச அடிச்சே தொரத்தப் போறாங்களாம்."

சிவராத்திரி என்றால் அமாவாசைக்கு முந்தின ராத்திரி; நிலா இருக்காது, இவரும் அன்றைக்கே கிளம்பிவிடுவார். இந்தப் பக்கம் விரியன், அந்தப் பக்கம் தடி. நடுவில் தும்மிக்கொண்டு என் புருஷன். இன்னார்தான் பிசாசு என்று கோபாலிடம் சொல்லிவிடலாம். அப்புறம் மில் வரைக்கும் பிசாசு என்ற பெயரே நிலைக்கும். பீவி ஜானை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் தடுக்கி விழுந்து பால் குண்டானைக் கவிழ்த்தாள்.

என் வீட்டுக்காரருக்கு மில்லில் பழகிய பழக்கம் ஒன்று உண்டு. எந்த வேலையானாலும் நம்பர் போட்டு நோட்டில் எழுதிவிடுவார். 'ஒன்று, ஸ்டாண்டை வடக்கு பார்த்து வை. இரண்டு, துருவ நட்சத்திரத்தைக் குழலுக்குள் கொண்டு வா.' இப்படி முப்பத்தொரு வரி. அவருக்கு நைட் ஷிப்ட் வந்த வாரம் நானும் பீவி ஜானும் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினோம். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் நம்பர் போட்டு எழுதியிருந்தால் எதையும் செய்துவிடுவேன். வடை சுடவும் அப்படித்தான் கற்றேன்.

"வடக்கு எந்தப் பக்கம்டி?"

"தடா பக்கம் யக்கா, ஆந்திரா கீற பக்கம்."

முதல் நாள் ஒரு மணி நேரம் பாடுபட்டுப் படம் எடுத்தோம். தடாப் பக்கத்துச் செல்போன் டவர் மிக அழகாக விழுந்திருந்தது. மூன்றாம் நாள் துருவ நட்சத்திரம் கிடைத்தது. அதன் பிறகு போனில் நெபுலாவின் பெயரைத் தொட்டால் போதும், டெலஸ்கோப்பை மோட்டாரே திருப்பிவிடுகிறது. ரோஜாவும் வந்தது. நீர்மோரில் விழுந்த ரோஜா. எல்லாம் சரி, தெரு இருட்டாக இருந்தால்தான் பூக்கும்.

சிவராத்திரி வந்தது. அவர் பையைக் கட்டினார். குளிக்கப் போனார். வெளியே வந்தார்.

"செண்பகம், நான் கெளம்பறேன்."

"நானும்தான்."

"எங்க?"

"திருப்பாச்சூருக்கு. நீங்க மட்டும் புண்ணியம் சேத்துக்கினே போனா நான் இன்னா பண்றது? வேன் சொல்லிட்டேன்."

"வேனா? ரெண்டு பேருக்கா?"

"தெருவே வருது. கோபாலும் வர்றாரு. சாமிய கும்பிட்டு வந்து பிசாச அடிச்சா அது திரும்ப வராதுன்னு சொன்னேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வயிறு சரியில்ல."

"சாமி காரியத்துல வர்ற வயித்து வலி கோயில் வாசல்ல போயிடும். ஏறுங்க."

"பை..."

"அபிஷேகச் சாமான மறப்பனா? கோபால் அப்பவே தூக்கி வேன் மேல கட்டிட்டாரு."

அவர் முகத்திலிருந்த ரத்தம் முழுக்க எங்கோ போய்விட்டது.

வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஆகாயத்தையே பார்த்தார். இருட்ட இருட்ட நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. மேகம் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை. பக்கத்து சீட்டிலிருந்து நான் சுண்டல் கொடுத்தேன். வேண்டாம் என்றார். விரதம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

கோயிலில்தான் வேடிக்கை. வழக்கமாக வருகிறவர் என்று எல்லோரும் அவர் பின்னாலேயே நடந்தார்கள்.

"அண்ணே, கால் கழுவுற கொழாய் எங்க?" என்றான் கோபால்.

என் வீட்டுக்காரர் நம்பிக்கையோடு வலது பக்கம் திரும்பினார். வேனில் வந்த பதினேழு பேரும் திரும்பினோம். நேராக மடப்பள்ளிக்குள் போய் நின்றோம்.

"போன மாசம் இங்கதான் இருந்திச்சு" என்றார்.

குருக்கள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க இந்தக் கோயிலுக்குப் புதுசா?"

என் வீட்டுக்காரர் பக்கத்துத் தூணைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் கால அபிஷேகம் ஆரம்பமானது. கொண்டுவந்ததைக் கொடுக்கச் சொன்னார்கள். கோபால் பையைச் சுமந்து வந்து சன்னதி முன்னால் வைத்தான்.

"அதத் தொறக்காத கோபாலு!" என்று கத்தினார் இவர்.

"ஏன் அண்ணே?"

"அது... அதுக்கு நேரம் வரல."

"சாமிக்கே நேரம் வந்துடுச்சு, பைக்கு வரலியா?" என்று கோபால் ஜிப்பை இழுத்தான்.

இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடு மட்டும் 'சிவ சிவா' என்றது. அவர் வாழ்க்கையில் உண்மையாகச் சாமி கும்பிட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

பையிலிருந்து பன்னிரண்டு தேங்காய், நாலு பாட்டில் தேன், பன்னீர், ஒரு கட்டு வில்வம் வந்தது. அவர் குளிக்கப் போனபோது நான் மாற்றிக் கட்டிய பை. கண்ணைத் திறந்தவர் தேங்காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தேங்காயைப் பார்த்தார்.

"அது எங்க?" என்றார், காதோடு காதாக.

"எது?"

அந்த நேரம் பார்த்து என் போன் 'டிங்' என்றது. பீவி ஜான் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். அவர் காதில் வைத்தேன்.

"யக்கா, பூத்துடுச்சு யக்கா! தெருவுல ஒரு ஊட்ல லைட்டு இல்ல. எங்க ஊட்டு எதிர் கம்பத்துல கீற பெட்டியில தெருவிளக்கையும் அணைச்சிட்டேன். நீ நோட்டப் பாத்து சொல்லிக் குடுத்தியே, முப்பத்தோரு வரியும் செஞ்சேன். மாடி கும்மிருட்டு. அண்ணன்கிட்ட காட்டு!"

கூடவே படம். கறுப்பு வானத்தில் ரோஜா. நடுவில் கொஞ்சம் நட்சத்திரம், சுற்றிலும் அடுக்கடுக்காகச் சிவப்பு இதழ். இத்தனை நாள் நீர்மோரைப் பார்த்தவளுக்கே மூச்சு நின்றுவிட்டது. அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"நம்ம மாடியிலயா? நம்ம மாடியிலயா செண்பகம்?"

"பின்ன? பாம்புக்கு நடுவுலதான் ரோஜா பூக்குமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாசாமாசம் தெருவையே இருட்டாக்கிக் குடுத்திருப்பேனே. சிவன எதுக்கு நடுவுல இழுத்தீங்க?"

அவர் சிரித்தார். அழுதார். தும்மினார். தூரத்தில் கோபால் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"செண்பகம், ஒரு ஆட்டோ புடிச்சு ஸ்டேஷனுக்குப் போனா முதல் வண்டிய புடிச்சிடலாம். இப்பவே கெளம்பட்டா?"

வேட்டி நுனியைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"இன்னும் ரெண்டு காலம் பாக்கி கீது. விரதக்காரர் பாதியில எழுந்திரிக்கக் கூடாது."