தின்னர் டின்னும் இசக்கிராஜின் மூக்கும்

உலகமே எதிர்த்து நின்றாலும் ஸ்கிரீன் கழுவும் தின்னரை மட்டும் கைவிடுவதில்லை என்று தாராவி இசக்கிராஜ் முடிவெடுத்திருந்தார். துணிப்பை ஆர்டர் கொடுக்கும் கம்பெனி கேட்டதற்காக ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குத் தண்ணீர் மையை வாங்கியாயிற்று. அதுவே பெரிய தியாகம். இனி ஸ்கிரீனைக் கழுவவும் ஆரஞ்சுத் தோல் கிளீனர்தானாம். ஸ்கிரீனைக் கழுவுவதா, அதற்கு ஷர்பத் கொடுத்து உபசரிப்பதா?

கீழே பட்டறை, மேலே குடித்தனம். தின்னர் வாடை இரும்பு ஏணி வழியாக ஏறி சோற்றுப் பானைவரை போய்விடும். "ஒண்ணு இங்க தின்னர் இருக்கணும், இல்லன்னா நான் இருக்கணும்" என்று அவர் மனைவி விஜயராணி சொல்லிவிட்டாள். இசக்கிராஜ் வெகுநேரம் யோசித்துவிட்டு, நீயே இரு என்றார்.

ஆனால் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒரு தின்னர் டின்னை ஒளித்து வைத்திருந்தார். தினமும் மனைவிக்குக் கணக்குக் காட்ட ஒரு டம்ளர் கிளீனரைச் சாக்கடையில் ஊற்றுவார். பிறகு டின்னைத் திறந்து, நெஞ்சு நிறைய மோந்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார். இந்தத் தடவை ஏக்தம் சுத்தமான ஒரிஜினல் சரக்கு, கைகூட எரியவில்லை என்று கடைக்காரனை மனசுக்குள் மெச்சிக்கொள்வார். கிளீனர் எப்படி என்று விஜயராணி கேட்டால் பிரமாதம் என்பார். பாவம், நம்புகிறாளே என்று சில நாள் உறுத்தும்.

அன்று காலை கம்பெனியிலிருந்து போன். ஹரிதா என்ற பெண் பட்டறையைப் பார்க்க வருகிறாளாம். தின்னர் இருந்தால் ஆர்டர் கேன்சல். அந்த ஒரு ஆர்டரில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. டின்னை வெளியே கடத்தலாம் என்றால் வாசலை அடைத்துக்கொண்டு விஜயராணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எழுந்திருப்பதாகவும் தெரியவில்லை. இசக்கிராஜ் டின்மேல் ஒரு கோணியைப் போட்டுவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

வந்த ஹரிதா செம்பூர்த் தமிழ்ப் பெண். மையைப் பார்த்தாள், ஸ்கிரீனைப் பார்த்தாள், நேராகப் போய்க் கோணியைத் தூக்கினாள். டின்மேல் தின்னர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"பழைய டின்னு மேடம்" என்றார் இசக்கிராஜ்.

அவள் மூடியைத் திறந்து மோந்தாள். இசக்கிராஜ் கண்ணை மூடிக்கொண்டு இசக்கியம்மனைக் கூப்பிட்டார்.

"ஆரஞ்சு வாசம் நல்லா இருக்கு சார். பழைய டின்ன வீணாக்காம வெச்சிருக்கீங்க. லேபிள மட்டும் மாத்திடுங்க" என்று சொல்லி, ஆர்டரை உறுதி செய்துவிட்டுப் போனாள்.

இசக்கிராஜ் டின்னுக்குள் தலையை விட்டு மோந்தார். வழக்கமான அதே தின்னர் வாசம்தான் அவருக்கு வந்தது.

"தின்னரக் கொட்டிட்டு இந்த டின்னுல கிளீனர ஊத்தி ஒரு மாசமாச்சு" என்றாள் விஜயராணி. "போன மாசம் பால் தீஞ்சு தெருவே கூடிருச்சு. நீங்க அடுப்பு பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. இந்தத் தின்னர மோந்து மோந்து மூக்கு செத்துப்போச்சு. எனக்குப் பயமா இருக்குங்க."

"எம் மூக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அவள் மேலே போய், தட்டு போட்டு மூடிய ஒரு டம்ளரோடு இறங்கி வந்தாள். தட்டை லேசாக நகர்த்தி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "ஏலக்கா டீயா, இஞ்சி டீயா? மோந்து சொல்லுங்க."

இசக்கிராஜ் ஆழமாக இழுத்தார், யோசித்தார், மறுபடி இழுத்தார். "இஞ்சி. கொஞ்சம் தூக்கலாவே போட்டுட்ட."

விஜயராணி தட்டை எடுத்தாள். டம்ளர் காலியாக இருந்தது.