பெண் பார்க்கப் போய்க் குமிழி பார்த்த கதை

தெரிந்த விஷயம் ஒன்று கண்ணெதிரே நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது பௌதிகவியல் ஆசிரியர்களுக்கு வராத வித்தை. எனக்குச் சுத்தமாக வராது. அடுப்பில் பால் பொங்கினால் அதை இறக்கி வைக்காமல், ஏன் பொங்குகிறது என்று விளக்குகிற ஆள் நான்.

அப்போது மாத்தளையில் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதே பாடசாலையில் கணிதம் படிப்பித்த தர்ஷினியைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுக்கும் சம்மதம். மிச்சமிருந்தது அவளுடைய அப்பா. ஓய்வுபெற்ற நில அளவையாளர். பேச்சையும் அளந்துதான் பேசுவார். முன்பு வந்த ஒரு வரனை "வாய் கூடுன ஆள்" என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பியவர். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்கச் சம்மதித்திருந்தார்.

முதல் நாள் தர்ஷினி போனில் சொன்னாள்: "அப்பாவுக்குத் தயிரும் பாணியும்னா உயிரு. நல்ல கித்துள் பாணியா ஒரு போத்தல் வாங்கிட்டு வாங்க. மத்தபடி கம்முனு இருங்க."

(இதில் முதல் பாதி மட்டும்தான் என் மண்டையில் ஏறியது.)

கித்துள் என்ற பனை இனத்து மரத்தின் பதநீரைக் காய்ச்சினால் பாணி. சீனியைக் கரைத்து நிறம் சேர்த்தாலும் பார்வைக்குப் பாணிதான். ஏமாறுவேனா நான்? பாணி காய்ச்சுகிற ஊரிலேயே வாங்கலாம் என்று ஞாயிறு காலை பஸ் ஏறி நாவுலவுக்கே போனேன். கடைக்காரர் சோடா வைக்கும் ஃபிரிஜ்ஜைத் திறந்து ஒரு போத்தலை எடுத்துத் தந்தார். கவிழ்த்துப் பார்த்தேன். சின்னக் குமிழிகள் அப்படியே அந்தரத்தில் தொங்கின. பெரிய குமிழி ஒன்று மட்டும், சீகிரியாக் குன்றில் ஏறும் வயதான உல்லாசப் பயணி மாதிரி, நின்று நின்று மேலே போனது.

"சரியான பிசுக்குமை!" என்றேன். திரவம் ஓட மறுக்கும் குணத்துக்கு எங்கள் பாடத்தில் அதுதான் பெயர்.

"என்ன பிசுக்கு, மாத்தயா? போத்தல நல்லாத் தொடச்சுத்தானே வச்சேன்" என்றார் கடைக்காரர்.

திரும்பி வரும் பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்து இருக்கைதான் கிடைத்தது. மடியில் வைத்தால் விழுந்துவிடும் என்று, போத்தலைப் பத்திரமாக இன்ஜின் மூடி மேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். மாத்தளை வரைக்கும்.

தர்ஷினி வீட்டில் அங்கிள், அதாவது அவளுடைய அப்பா, போத்தலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். லேபிளைத் தேடினார். கதவோரம் நின்ற தர்ஷினி, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"பயப்படாதீங்க அங்கிள், சோதிச்சுத்தான் வாங்குனேன். குமிழி போற வேகத்தை வச்சே சொல்லிடலாம். நல்ல பாணின்னா மெதுவா ஏறும். சீனித் தண்ணின்னா ஒரே பாய்ச்சல்தான். இப்பப் பாருங்க."

கவிழ்த்தேன். ஒரே பாய்ச்சல்.

"சீனித் தண்ணி" என்றார் அங்கிள்.

"இல்ல அங்கிள், கடையில குளிரா இருந்திச்சு, பஸ்ல சூடாயிருச்சு. சூடானா பிசுக்குமை குறையும். குளிர்ந்தாக் கூடும். ஃபிரிஜ்ல வச்சா இப்பவே..."

"அப்ப வெறுந்தண்ணிய ஃபிரிஜ்ல வச்சாலும் பாணியாகிருமா தம்பி?"

அவளை இழந்துவிடுவேன் என்று உண்மையாகவே பயந்தேன். புத்தியுள்ளவன் அங்கே மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். நான் தர்ஷினியின் அம்மா பக்கம் திரும்பி, ஒப்பீட்டுப் பரிசோதனைக்குப் போனேன். "உங்க வீட்டுப் பாணி இருந்தாக் குடுங்க ஆன்ட்டி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துருவோம்."

ஆன்ட்டி கொண்டுவந்தது அங்கிளின் சொந்தச் சேமிப்பு. வேறு யாரும் தொடாத போத்தல். அதன் வாயில் கடதாசியைச் சுருட்டித்தான் அடைத்திருந்தார்கள் என்பதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை, நான் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு போத்தலையும் அங்கிளின் முகத்துக்கு நேரே உயர்த்தி, ஒரே நேரத்தில் கவிழ்த்தேன்.

அடைப்பு கழன்றது. களக்! ஒரு குமிழி உள்ளே ஏறியது, ஒரு வாய் பாணி வெளியே இறங்கியது. களக்! அடுத்த குமிழி, அடுத்த வாய். கெட்டியான பாணி அவசரப்படாது. அது அங்கிளின் வெள்ளை வேட்டியை நோக்கிப் போவதை எல்லோரும் முழுசாகப் பார்த்தார்கள், என்னைத் தவிர. நான் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாருங்க அங்கிள், உங்க பாணியில எவ்வளவு மெதுவாப் போகுது!"

"ஐயோ தம்பி, போத்தல நிமித்துங்க!" என்று ஆன்ட்டி கத்தினார்.

அங்கிள் எழுந்து உள்ளே போனார். வேட்டியை மாற்றிச் சாரம் கட்டிக்கொண்டு திரும்பி வந்து தயிர்ச்சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். வீட்டுப் பாணி தீர்ந்துவிட்டது. மிஞ்சியது நான் கொண்டுபோனது மட்டும்தான். அதையே ஊற்றினார். ஒரு கரண்டி சாப்பிட்டார். இன்னொரு கரண்டி.

"பாணி நல்ல பாணிதான்" என்றார். "மாப்பிள்ளைக்குத்தான் வாய் கூட."

ஆன்ட்டி அகப்பையோடு அப்படியே நின்றார். "என்னங்க சொன்னீங்க? மாப்பிள்ளையா?"

அங்கிள் என்னைப் பார்த்தார். கதவோரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் மகளைப் பார்த்தார். அளந்து பேசும் மனுஷருக்கு ஒரு சொல் கைதவறி விழுந்துவிட்டது. அதைத் திருப்பி எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"சொன்னது சொன்னதுதான். அவருக்கும் தயிரைப் போடு."

இன்றைக்கும் அந்த வீட்டில் தயிர்ச்சட்டி வந்தால், மாமா முதலில் எழுந்து வேட்டியை மாற்றிச் சாரம் கட்டிக்கொள்வார். பிறகு சாவகாசமாக உட்கார்ந்து, பாணிப் போத்தலை என் பக்கம் தள்ளுவார்.

"ம், இப்ப ஊத்துங்க மாப்பிள்ளை."