திருப்பிப்போடு அண்ணன் மீது எனக்குள்ள புகார்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் உள்ள அத்தனை கம்பெனிகளிலும் சலித்துப் பார்த்தாலும், தன் சந்தோஷத்தால் அடுத்தவன் வயிற்றெரிச்சலை இவ்வளவு கொட்டிக்கொண்ட இன்னொரு மனிதர் கிடைக்க மாட்டார். அவர்தான் எங்கள் திருப்பிப்போடு அண்ணன்.

நாங்கள் இருந்தது பெயின்ட் ஷாப்பில், ஓவன் வாசலில். பெயின்ட் அடித்த பாகங்கள் ஓவனுக்குள் வெந்து, கொக்கியில் தொங்கியபடி வெளியே வரும். கையுறை மாட்டிக்கொண்டு கழற்றி அடுக்க வேண்டியது எங்கள் வேலை. தலைக்கு மேல் ஒரு ராட்சசக் காற்றாடி. சித்திரையில் நின்றது, ஆனி முடிந்தும் "ஸ்பேர் வரணும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் ஏசி ஒரு மத்தியானம் நின்றபோது மட்டும் அதற்கான பாழாய்ப்போன ஸ்பேர் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. கேட்பார் உண்டா?

அண்ணன் குமரிக் கடற்கரைக்காரர். சட்டைப்பையில் எப்போதும் புனித லாரன்ஸ் படம் இருக்கும். அந்தப் புனிதரை ரோமாபுரியில் இரும்புக் கம்பிகள் மேல் கிடத்திக் கீழே நெருப்பு மூட்டினார்களாம். அவரோ கொஞ்சமும் அசராமல், இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள் என்றாராம். அண்ணனுக்கு இது போதாதா? பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஓவனுக்கு முதுகைக் காட்டி நின்று, "ஏ மக்கா, இந்தப் பக்கம் வெந்துட்டு, திருப்பிப் போடு!" என்று கத்துவார். லைனே சிரிக்கும், என்னைத் தவிர.

கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேட ஆள் வைக்க வேண்டிய நாட்களில் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போவேன். அண்ணனோ, "இன்னைக்கு நமக்கு ஒருசந்தி மக்கா" என்பார். நோன்புக்கு அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். வடக்குப்பட்டுக்குப் பக்கத்தில் கம்பெனி பஸ் மழையில் நின்றுபோய், முழங்கால் சேற்றில் நாங்கள் நடந்தபோது இந்த மனுஷன் மாதா பாட்டு பாடிக்கொண்டு வந்தார். எனக்கு அவரை அந்தச் சேற்றிலேயே தள்ளலாமா என்றிருந்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. காற்றாடி பற்றி யார் வாயைத் திறந்தாலும் சூப்பர்வைசர், "அவரு சிரிச்சிகினு செய்றாரு, உனுக்கு மட்டும் இன்னா சுடுது?" என்று வாயை அடைத்துவிடுவார். கடைசியில் அண்ணனை மாதத்தின் சிறந்த ஊழியராக்கி, பல் தெரியும் போட்டோவை அட்டையில் ஒட்டி, ஓடாத காற்றாடிக்கு நேர் கீழே தூணில் மாட்டினார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

நான் வெடித்துவிட்டேன். "உன் சிரிப்பாலதாண்ணா அந்த ஃபேன் ஓடாம கீது!"

"சிரிச்சா தப்பாடே?"

"உங்க சாமியாரு வெந்தாருன்னா அது அவரு இஷ்டம். நாங்க இன்னாத்துக்கு வேகணும்?"

அன்று முழுக்க அண்ணன் திருப்பிப் போடச் சொல்லவே இல்லை.

மறுநாள் எங்கள் லைன் செல்வி மயங்கி விழுந்தாள். ஓடிவந்த சூப்பர்வைசர், "காலைல துன்னாம வந்திருப்பே" என்று அவளையே திட்டினார். அண்ணன் தூணிலிருந்து தன் போட்டோ அட்டையைப் பிடுங்கி, அதாலேயே அவளுக்கு விசிறினார். அவர் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்ததெல்லாம் அந்த அட்டையில் இருந்த அண்ணன்தான்.

அந்த வாரமே எங்கள் பாகங்களை வாங்கும் கம்பெனிக்காரர்கள் சுற்றிப் பார்க்க வந்தார்கள். மேனேஜர் அவர்களை நேராகச் சிறந்த ஊழியரிடம் கூட்டிவந்தார்.

"எப்படி இருக்கீங்க? ஹேப்பியா?"

"ரொம்ப ஹேப்பி சார்."

எனக்கு ரத்தம் கொதித்தது. செல்வி அப்போதுதான் வெளிறிய முகத்தோடு வேலைக்குத் திரும்பியிருந்தாள். அண்ணன் ரொம்ப மரியாதையாக மேனேஜர் கையைப் பிடித்து ஓவன் வாசலில் நிறுத்தினார்.

"சும்மா நில்லுங்க சார். ஒரு பக்கம் வெந்ததும் சொல்லுங்க, நான் திருப்பி விடுதேன்."

வந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்து வைத்தார். ஒரு நிமிஷம் ஆனது. அண்ணன் பிடியை விடவில்லை. "இன்னும் வேவலயா சார்? இந்தப் பிள்ள எட்டு மணி நேரம் நிக்கணும்" என்று செல்வியைக் காட்டினார். மேனேஜர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. வந்தவர்களில் ஒருவர் கிட்டே வந்தார், சூடு தாங்காமல் பின்வாங்கினார், நிமிர்ந்து காற்றாடியைப் பார்த்தார், நோட்டில் ஏதோ எழுதினார்.

மூன்றாம் நாள் காற்றாடி ஓடியது. திங்கட்கிழமை அண்ணனுடைய கார்டை கேட் ஏற்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது என்றார் செக்யூரிட்டி.

நான் கேட்டையே பிடுங்குகிற மாதிரி கத்தினேன். அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு ஓரமாக வந்தார். அப்போதும் அதே சிரிப்பு.

"சிரிக்கிறியேண்ணா! வூட்ல சோத்துக்கு இன்னா பண்ணுவே?"

"வேவத்தான் செய்யுது மக்கா, வேவாம என்ன. ஆனா இந்தச் சிரிப்பையும் அவனுவகிட்ட குடுத்துட்டு, நான் எதை வச்சி ஊருக்குப் போவ?"

போனவர் போனவர்தான். நம்பரை மாற்றிவிட்டார். ஒரு வார்த்தை, ஒரு தகவல் கிடையாது. இதெல்லாம் நியாயமா? ஆத்திரம் தாங்காமல் ஒரு கிருத்திகையன்று குன்றத்தூர் மலையேறி, முருகனுக்கு முன்னால் அர்ச்சனைத் தட்டை நீட்டி அவருக்கு சர்ச்சில் வைத்த பெயரைச் சொன்னேன். குருக்கள் நிமிர்ந்து பார்த்தார்.

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி."

"யாருப்பா இது, உனக்கு என்ன வேணும்?"

"கூடப் பொறந்த அண்ணன் சாமி, பண்ணுங்க!" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.