மிராசுதார் குரலில் என் மகள்

சீர்காழியிலிருக்கும் மச்சான் செல்லதுரை அவர்களுக்கு, பாபநாசத்திலிருந்து இராஜாங்கம் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை காத்தாயி, மாடு கன்று எல்லாரும் சுகம். உங்கள் மருமகள் அம்சமும் சுகம்தான். ஆனால் அவள் யார் பக்கம் என்பதுதான் எனக்கு இப்போது சந்தேகம்.

நீங்கள் சொன்னீர்களே என்றுதான் அவளைத் தஞ்சாவூர்க் காலேஜில் மேடை மொழிபெயர்ப்பு வகுப்பில் சேர்த்தேன். வருஷா வருஷம் காலேஜ்களுக்குள் போட்டி வைத்து ஷீல்டு கொடுக்கிறார்களாம். அந்த ஷீல்டுக்காக வாத்தியார் பாடத்தையே மாற்றிவிட்டார். ஒரு விஷயம் விட்டுப்போனாலும் மார்க் போச்சாம். 'அவர் சொல்கிறார்' என்றாலும் போச்சாம். பேசுகிற ஆளாகவே மாறி 'நான், நான்' என்று முழங்க வேண்டுமாம்.

போன வாரம் நாம் குத்தகைக்கு உழுகிற நிலத்துக்கு என் பேரைப் பதிகிற விசாரணை. வந்த அதிகாரி வடக்கத்தியர், தமிழ் தெரியாது. மெட்ராஸிலிருந்து வந்த மிராசுதார் துரைராசு இங்கிலீஷிலேயே பொழிந்தார். எனக்குப் புரியணுமேன்னு நான்தான் அம்சத்தைக் கூட்டிப் போயிருந்தேன். எழுந்து நின்னா பாருங்க மச்சான், தாவணியை அங்கவஸ்திரம் மாதிரி சரிபண்ணிக்கிட்டு, என்னைப் பார்த்தே விரலை நீட்டி, "இந்த நிலத்தில் நான்தான் சாகுபடி செய்கிறேன்! இவன் என் பண்ணையாள்! ஒரு போகமாவது இவன் குத்தகை நெல்லை ஒழுங்காக அளந்திருக்கிறானா?"ங்கிறா. பெத்த அப்பனை! நம்ம விவசாயிகள் சங்கத்து ஆளுங்களே கை தட்டறாங்க. அப்புறம் என் முறை. நான் அழுது அழுது எங்க தாத்தா காலத்திலேருந்து சொன்னேன். இவ அதிகாரிக்கு இங்கிலீஷில நாலே வரியில முடிச்சுட்டு உக்காந்துட்டா. கேட்டா, "நீங்க சொன்னதையே சொன்னீங்கப்பா, நேரம் தாண்டினா மார்க் போயிடும்"ங்கிறா. மிராசுதாருக்கும் அந்த வாத்தியாருக்கும் ஏதோ சொந்தமாம், விசாரிச்சுக்கிட்டிருக்கேன். நிலம் போயிட்டா தாளடி நடவுக்கு நான் எங்க போய் நிப்பேன்? பயமா இருக்கு மச்சான். உடனே வந்து அவளைக் காலேஜிலேருந்து நிறுத்துங்க.

அக்காவுக்கு என் வணக்கம். உங்க வயலுக்குக் கடைமடை வரைக்கும் தண்ணி ஏறட்டும்.

இப்படிக்கு,
இராஜாங்கம்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் உத்தரவு வந்துவிட்டது. குத்தகை என் பேரில் பதிவாகிவிட்டது. பண்ணையாள் எங்கேயாவது குத்தகை அளப்பானா என்று அதிகாரி மிராசுதாரையே கூப்பிட்டுக் கேட்டாராம். நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மழுப்பப் பார்த்தாராம். ஊரே தமிழில் கேட்டுக் கை தட்டின பேச்சை எப்படி மழுப்புவது? அதனால் அம்சத்தை நிறுத்த வர வேண்டாம், போட்டிக்குக் கை தட்ட ஆள் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்று உங்கள் தங்கை கேட்டாள். நான் தொண்டையைத்தான் செருமினேன். அம்சம் என் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "பெற்ற மகளையே சந்தேகப்பட்டுவிட்டேன், தப்புதான்" என்று மொழிபெயர்க்கிறாள். ஒன்றையும் விடவில்லை, மச்சான்.