கொடி அண்ணாச்சியின் சுக்கினி

தை ஒன்பதாம் தேதி, காலை ஆறு மணி பத்து நிமிடம். கோவில்பட்டியில் நல்ல பனி; மப்ளருக்குள் என் காது இரண்டும் பத்திரமாக இருந்தன. அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சிவப்புக் கொடி எழுந்தது.

"சார்வாள், ஒங்க வீட்டுல ஆம்பளப் பூ இருக்கா?"

தெருவில் நான்கு ஜன்னல்கள் திறந்தன. என் மனைவியும் வந்து எட்டிப் பார்த்தாள்.

ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர். கொடிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து குடித்தனம் நடத்தியவர் உலகத்திலேயே கொடி அண்ணாச்சி ஒருவர்தான். அவர் பச்சை காட்டாமல் பால்காரரின் பைக் நகராது. குழம்பில் உப்பு கூடினால் சாப்பாட்டுத் தட்டருகே சிவப்பு விரியும். அவர் மனைவி அதையே கரித்துணியாக்கிச் சட்டியை இறக்குவார்.

லண்டனிலிருந்து மகள் அனுப்பிய ஏழு சுக்கினி விதைகள் இவர் கையில் மாட்டின. சுக்கினி என்பது சுரைக்காய்க்கு உறவான ஒரு வெளிநாட்டுக் காய். கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கி நான்கு விதைகள் அழுகின. முளைத்த ஒன்றை நத்தை தின்றது. மீதி இரண்டில் ஒன்று அவருக்கு. இன்னொன்று, பெயிண்ட் வாளியோடு எனக்கு.

சுரை, பீர்க்கு, புடலையெல்லாம் கொடிதானே என்று எட்டுக் கம்பு நட்டுப் பந்தல் போட்டார். இதுவோ தரையில் உட்காரும் செடி. பதினொரு நாள் பச்சைக் கொடியை ஆட்டி அதட்டினார்: "ஏலே, ஏறு. வண்டி கெளம்பியாச்சு." பிளாட்பாரத்தில் படுத்துவிட்ட பயணி மாதிரி அது அசையவில்லை. இது ஏறாது என்று நான் சொன்னதற்கு, வாத்தியாருக்கு விவசாயம் தெரியாது என்றார்.

இதற்கிடையில், பந்தல் நிறையக் காய் தொங்குவதாக மகளிடம் போனில் சொல்லியும் விட்டார். ஆறு வருஷம் கழித்து அவள் இன்னும் பத்து நாளில் வருகிறாள். மதில் மேல் கொடி எழுந்த அன்று காலைதான் அவர் செடியில் முதல் பெண் பூ மலர்ந்திருந்தது. ஆண் பூ ஒன்றுகூட இல்லை. ஒன்பது மணிக்குள் மகரந்தம் படாவிட்டால் பூ கூம்பிவிடும்.

"மவகிட்ட பொய் சொல்லிட்டேன் சார்வாள். அவ வந்து பாத்தா என்ன சொல்லுவேன்?"

கொடி தாழ்ந்திருந்தது. அதை அப்படி நான் பார்த்ததே இல்லை.

என் வாளியில் ஆண் பூ ஒன்று, பெண் பூ ஒன்று. இரண்டுக்கும் அன்றைக்கே முகூர்த்தம். இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். பிறகு ஆண் பூவைக் கிள்ளி மதில் மேல் நீட்டினேன். ஒரு தூசி மிச்சமில்லாமல் தன் பூவில் தேய்த்துவிட்டு, எனக்குப் பச்சை காட்டினார்.

மகள் வந்தபோது காய் ஒரு சாண் நீளம் இருந்தது. பாசிப்பருப்புக் கூட்டாகி எங்கள் வீட்டுக்கும் வந்தது, பதினாறு துண்டு. ருசி என்று எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

"ஒங்க காய் என்னாச்சு சார்வாள்?" என்று கேட்டார்.

என் பிஞ்சு மூன்றாம் நாளே மஞ்சளாகி உதிர்ந்திருந்தது. "அணில் தின்னுட்டுது அண்ணாச்சி" என்றேன்.

மறுநாள் காலை என் வாளியில் அவருடைய சிவப்புக் கொடி நட்டிருந்தது, அணிலை நிறுத்த. முப்பத்தொரு வருஷம் ரயிலை நிறுத்திய கொடி. இன்னும் அதை நான் எடுக்கவில்லை.

எனக்கு ஆன மொத்தச் செலவு: பூ ஒன்று, பிஞ்சு ஒன்று, பொய் ஒன்று.