அறுபதைத் தாண்டினால்

புதுச்சத்திரம் தாண்டி, வண்டி அறுபதைத் தொட்டதும் அது மறுபடியும் ஆரம்பித்தது.

ணங். ணங். ணங்.

உமாசங்கர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். வேகம் குறைந்தது. சத்தம் நின்றது.

"கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சிங்க சார்," என்றார் பின்சீட்டிலிருந்து கண்ணாயிரம்.

"அடியிலேருந்து வருதுங்க சார்," என்றாள் பிரீதா.

இருவரும் கடலூரில் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள். தினமும் சிதம்பரத்திலிருந்து அவருடைய பழைய காரில் ஓசியில் வருகிறவர்கள். மேலதிகாரி பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டு இருவருமே பின்னால் ஏறிக்கொள்வார்கள். கண்ணாயிரம் அவருக்கு நேர் பின்னால். பிரீதா, மடியில் சாப்பாட்டுப் பையோடு அந்தப் பக்கம்.

வீட்டில் மனைவி கார்த்யாயினி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"லீவு நாளானா வண்டிக்கு அடியில போய்ப் படுத்துக்கிறீங்க. மங்கலம்பேட்டைலேருந்து ஒருத்தரு வாங்கிக்கிறேங்குறாரு. வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள சத்தம் நிக்கலன்னா குடுத்துடுங்க."

"நீ ஒருநாளாவது அந்தச் சத்தத்தக் கேட்டிருக்கியா?"

"இல்லியே!"

எப்படிக் கேட்கும்? அவள் பக்கத்தில் இருந்தால் வண்டி நாற்பதைத் தாண்டாது. தாண்ட விடமாட்டாள்.

அது அவருடைய முதல் கார். அதை இன்னொருவர் ஓட்டிப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியாது. கண்டுபிடித்தே தீருவது என்று மெக்கானிக் ஹுமாயூனிடம் விட்டார்.

ஹுமாயூன் சைலன்சர் ரப்பரை மாற்றினார். அந்தத் தைரியத்தில் உமாசங்கர் மறுநாள் எழுபதில் போனார். ணங் ணங்கோடு இப்போது அவருடைய சீட்டும் அதிர்ந்தது.

"இஞ்சின் மவுண்டிங் போயிருக்கும் சார்."

அதையும் மாற்றினார்கள். இனி என்ன பயம் என்று எண்பதில் போனார். பல்லெல்லாம் கிடுகிடுத்தது.

"பாய், நீங்களே ஓட்டிப் பாத்துடுங்க."

ஹுமாயூன் கீரப்பாளையம் வரை விரட்டிவிட்டுத் திரும்பினார்.

"பூனை மாதிரி போவுது சார். ஒருவேள பின்னால வெயிட்டு ஏறினா வருதோ என்னவோ."

உமாசங்கர் பின்சீட்டில் இரண்டு அரிசி மூட்டைகளை ஏற்றினார். குமராட்சி வரை எண்பதில் போய்வந்தார். மூட்டைகள் வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடணும். ரெண்டு பேரும் காதக் கூர்மையா வெச்சிக்கிங்க," என்று வண்டியை எடுத்தார்.

நாற்பது. அமைதி. ஐம்பது. அமைதி. ஐம்பத்தைந்தில் ஒரு சின்ன ணங். மறுபடி ஐம்பதுக்கு வந்தார். அமைதி. ஆலப்பாக்கம் வரை ஏற்றியும் இறக்கியும் பார்த்துவிட்டார். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

"புடிச்சிட்டேன்! இதுல ரிப்பேரே இல்ல. ஐம்பதுக்கு மேல போனா இதுக்கு ஒத்துக்கல. அவ்வளவுதான்!"

"வயசான வண்டிங்க சார். அது சொல்றத நாமதான் கேட்டு நடந்துக்கணும்," என்றார் கண்ணாயிரம் பணிவாக.

"இனிமே ஐம்பதுதான். நடராஜர் மேல சத்தியம்."

பின்சீட்டில் இரண்டு பெருமூச்சுகள் ஒன்றாகக் கேட்டன. பாவம், இவர்களுக்கும் இந்த வண்டி மேல் எவ்வளவு அக்கறை என்று உமாசங்கருக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்று.

அலுவலக வாசலில் இறங்கியதும் கார்த்யாயினிக்குப் போன் போட்டார்.

"சத்தம் நின்னுடுச்சி. மங்கலம்பேட்டை ஆள வர வேணாம்னுடு."

பிறகு குனிந்து, முன்டயரைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார். காருக்கு அந்தப் பக்கம் நின்று பையை எடுத்துக்கொண்டிருந்த இருவரும் அவரைக் கவனிக்கவில்லை.

"அண்ணே, திங்கக்கெழமையிலேருந்து நீங்க முட்டியால சீட்ட ஆட்ட வேணாம்," என்றாள் பிரீதா. "நானும் இந்தக் கரண்டிய வூட்டுலயே வெச்சிட்டு வந்துடுறேன், எங்கம்மா ஒரு மாசமாத் தேடிக்கிட்டிருக்காங்க."