எள்ளுருண்டைக் காபன்

இரண்டு ஐதரசனைக் காணவில்லை. கிருபானந்தன் குனிந்து மேசைக்கடியில் தேடினார்.

மகள் சாம்பவி நாளைக்குப் பள்ளிக்கூடம் கொண்டுபோக வேண்டிய மூலக்கூறு அது. பிழைத்தால் இரசாயனத்தில் புள்ளி போய்விடும். ஊரில் ஏ.எல். வரைக்கும் இரசாயனம் படித்த மனுசன் சும்மா இருப்பாரா? பிள்ளையைக் கிட்டவும் விடாமல், எள்ளுருண்டையைக் காபனாகவும் குட்டி ரவா லட்டை ஐதரசனாகவும் குச்சிகளில் குத்தி, எதேன் செய்து வைத்திருந்தார். இரண்டு காபன், ஆறு ஐதரசன். இப்போது நாலுதான் மிச்சம்.

"தாட்சாயினி, ஆர் திண்டது?"

"எனக்கென்ன தெரியும்? ரவையும் முடிஞ்சுது," என்றாள் மனைவி குசினிக்குள்ளிருந்து.

வெளியே டொலார்ட் நகர் முழுக்கப் பனி கொட்டியது. கடைக்குப் போக வழியில்லை. கிருபானந்தன் அசருகிற ஆளா?

"காபனுக்கு நாலு கை. சும்மா நிக்கிற ரெண்டு கையையும் கோத்துவிட்டாச் சரி."

காபன்களுக்கிடையே இரண்டாவது குச்சி ஏறியது. எதேன் எதீன் ஆனது. அவருக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. படம் எடுக்கலாமென்று போனைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தால், இன்னும் இரண்டு ஐதரசன் போய்விட்டது.

பனியில் கார் இறுகி, உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சிவநேசம் மேல் அவருடைய கண் விழுந்தது.

"அண்ணை, ஒருக்கா வாயைத் திறவுங்கோ."

"எனக்குச் சலரோகம், தம்பி. இனிப்புத் தொடேலாது."

"சலரோகக்காரர்தான் களவாத் தின்னுறவை."

சிவநேசம் மாடிப்படியைப் பார்த்தபடி தேத்தண்ணியை உறிஞ்சினார்.

மூன்றாவது குச்சியைக் குத்தியதும் எள்ளுருண்டை வெடித்தது. கிருபானந்தன் சீனிப்பாகு விட்டு ஒட்டினார். நின்றது. இரண்டு காபன், இரண்டு ஐதரசன், நடுவில் மூன்று குச்சி. எதைன். இனி ஒன்று குறைந்தாலும் மானம் போய்விடும் என்று மா அரிக்கிற அரிதட்டால் மூடிவிட்டுக் காவலுக்கு நின்றார்.

மேலேயிருந்து இறங்கி வந்த சாம்பவி அரிதட்டைத் தூக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்துபோயிற்று.

"சூப்பர், அப்பா. இனி ஒண்டும் செய்யாதேங்கோ," என்று அப்படியே தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

கிருபானந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களே அண்ணை? ஆர் திண்டாலென்ன, நான் விடேல்லை."

சிவநேசம் வாசலில் குனிந்து சப்பாத்தைப் போட்டார்.

"கிருபா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில செய்யச் சொன்னதே எதைன்தானாம். நீர் காது குடுக்கேல்லை எண்டுதான், சோடி சோடியா அவளே திண்டு முடிச்சவள்."